சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் எவ்வளவு, பயண நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி இதுதான்: சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் விமானத் தூரம் எவ்வளவு, போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும்? ஓர் இடத்தில் 15,300 கி.மீ. என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 16,600 என்கிறார்கள். அட்டவணையில் போக 18 மணி, திரும்ப 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. இதில் எது சரி?

எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நேரடிப் பதில். சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி (ஜேஎஃப்கே) விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் அளந்தால் மிகக் குறுகிய தூரம் 15,349 கி.மீ. நிறுத்தமில்லா விமானத்தில் 18 முதல் 19 மணி நேரம். நடுவில் ஓரிடத்தில் நின்று போனால் 23 மணியிலிருந்து, காத்திருப்பைப் பொறுத்து 30 மணிக்கு மேலும் போகலாம். பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கும் நேரடி விமானம் உண்டு. அது 15,344 கி.மீ. நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதே தூரத்தை 9,537 மைல் என்றும் 8,288 கடல் மைல் என்றும் எழுதுவார்கள். விமானிகளும் விமானத் துறை ஆவணங்களும் பேசுவது கடல் மைலில். அது 1.852 கி.மீ. நாம் சாலையில் பழகிய மைல் 1.609 கி.மீ. 8,288-ஐப் பார்த்ததும் 1.609-ஆல் பெருக்கிவிட்டால் 13,335 கி.மீ. வரும், 2,000 கி.மீ. காணாமல் போயிருக்கும். இணையத்தில் உலவும் தவறான தூரங்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

15,349 எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சாங்கி இருப்பது வடக்கே 1.36 பாகை, கிழக்கே 103.99 பாகை. ஜேஎஃப்கே வடக்கே 40.64, மேற்கே 73.78. தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 103.99 + 73.78 = 177.77. ஏறத்தாழ 180. அதாவது ஒன்று பூமியின் இந்தப் பக்கம் இருந்தால் மற்றது அப்படியே அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் போக மிகக் குறுக்கு வழி வடதுருவத்தின் மேலே ஏறி மறுபுறம் இறங்குவது. சாங்கியிலிருந்து துருவம் 90 − 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து ஜேஎஃப்கே 90 − 40.64 = 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று வைத்தால் 15,346 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை, பாதையும் துருவத்தின் உச்சியில் அல்லாமல் சுமார் 280 கி.மீ. தள்ளிப் போகிறது. இரண்டையும் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் 15,349. வேறு ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி பலிக்காது, முழுக் கோணக்கணிதம் போட்டே ஆகவேண்டும்.

இந்தப் பாதையை ஓர் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். நூல் தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், தென்மேற்குச் சீனா, மங்கோலியா, சைபீரியா, வடதுருவக் கடல் என்று ஏறி, கிரீன்லாந்தின் வடமேற்கு, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கும். ஆனால் இந்த நூல் வழியே அப்படியே பறக்கும் விமானத்தைப் பார்க்க முடியாது. 16,600 என்ற எண் இங்கேதான் நுழைகிறது.

இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. உருண்டையின் நேர் எதிர்ப்புள்ளிக்குப் போவதாக இருந்தால் எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றுதான். சிங்கப்பூரின் நேர் எதிர்ப்புள்ளி தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் விழுகிறது. நியூயார்க் அதிலிருந்து 42 பாகை விலகியிருக்கிறது. ஆகவே எல்லாத் திசையும் சமம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பசிபிக் பக்கமோ அட்லாண்டிக் பக்கமோ பெரிதாக வளைந்து போனாலும் கூடுவது 6 முதல் 9 விழுக்காடுதான். ஜப்பான், அலாஸ்கா பக்கம் சுற்றினாலும் ஐரோப்பா பக்கம் சுற்றினாலும் 16,300 முதல் 16,800 கி.மீ.க்குள் முடிந்துவிடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே யாராவது அலாஸ்கா வழியாகப் போவார்களா? இங்கே அது ஒரு நியாயமான யோசனை.

காரணம் காற்று. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கிறது. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கி.மீ. ஆனால் இது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே நகர்ந்தால் அதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். கிடைப்பது தரைவேகம்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. துருவ வழி, காற்று இல்லை: 15,349 ÷ 900 = 17 மணி 3 நிமிடம். பசிபிக் வழி, பாதை முழுக்கச் சராசரியாக 90 கி.மீ. பின்காற்று: 16,600 ÷ 990 = 16 மணி 46 நிமிடம். 1,250 கி.மீ. அதிகம் பறந்தும் கால் மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அதே பசிபிக் வழியில் எதிர்க்காற்றோடு திரும்பினால் 16,600 ÷ 810 = 20 மணி 30 நிமிடம். அதனால் அந்த வழியே திரும்புவதில்லை. நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்களில் அட்லாண்டிக் கடந்து, ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா பக்கமாக வந்து சேர்கிறது. அதுவும் கிழக்கு நோக்கித்தான். போகும்போது கிழக்கே, வரும்போதும் கிழக்கே. அப்படி அமைந்துவிட்டால் பயணி போய்வந்ததிலேயே உலகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறார். இது எல்லா நாளும் நடக்கும் என்று சொல்ல முடியாது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்துப் பல பாதைகளைக் கணினி ஒப்பிடும். எரிபொருள், நேரம், மேலே பறக்க நாடுகள் வாங்கும் கட்டணம் மூன்றையும் கூட்டி மலிவாக வருவது அன்றைய பாதை.

இருக்கைத் திரையில் வரைபடப் பக்கத்தைத் திறந்து வைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜனவரியில் ஜப்பானுக்குக் கிழக்கே தரைவேகம் 1,100 கி.மீ.யைத் தாண்டி நிற்பதும் உண்டு. அந்த உயரத்தில் ஒலியின் வேகம் சுமார் 1,060. அப்படியானால் ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் இன்னும் அதே 900-இல்தான் போகிறது, ஓடும் ரயிலுக்குள் முன்பக்கமாக நடப்பவர் மாதிரி. ஜெட் காற்றோட்டத்தின் ஓரங்களில் குலுக்கல் இருக்கும், பெல்ட்டைத் தளர்த்தியாவது போட்டுக்கொண்டே தூங்குங்கள்.

துருவ வழியைத் தவிர்க்க வேறு காரணங்களும் இருக்கின்றன. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போவதில்லை. சைபீரியா இல்லையென்றால் மேலே சொன்ன நூல் நடுவிலேயே அறுந்துவிடும். சீனாவின் மேற்கே உயர்ந்த பீடபூமி. விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், மலையே அதைவிட உயரமாக இருந்தால் இறங்க இடமில்லை, ஆக்சிஜன் கையிருப்பைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது எரிபொருளின் உறைநிலை. அமெரிக்காவில் பெரும்பாலும் நிரப்பும் ஜெட் ஏ வகை −40 பாகை செல்சியஸிலும், சிங்கப்பூர் உட்பட மற்ற நாடுகளில் நிரப்பும் ஜெட் ஏ-1 வகை −47-இலும் உறைய ஆரம்பிக்கும். துருவப் பகுதியில் வெளியே −65 வரை போகலாம். இறக்கைத் தொட்டியில் உள்ள எரிபொருள் மெல்ல மெல்ல ஆறும். உறைநிலைக்கு 3 பாகை மேலே வருவதற்குள் விமானி ஏதாவது செய்தாக வேண்டும்: கொஞ்சம் வெப்பமான உயரத்துக்கு இறங்கலாம், அல்லது வேகத்தைக் கூட்டலாம். காற்று உராய்வில் இறக்கை சற்றுச் சூடேறும். இரண்டிலும் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போக எல்லா விமானத்தாலும் முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை முதலில் 2004 ஜூன் 28 முதல் நியூவர்க்குக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் ஓட்டியது. பிறகு இருக்கைகளை 100 ஆகக் குறைத்து முழுக்க பிசினஸ் வகுப்பாக்கியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பர் 23-இல் நிறுத்தியது. இரண்டு எஞ்சின் கொண்ட, மிக நெடுந்தூரம் பறப்பதற்கான ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகு 2018 அக்டோபர் 11-இல் நியூவர்க்குக்கு மீண்டும் தொடங்கி, 2020 நவம்பர் 9-இல் ஜேஎஃப்கேவுக்கும் சேவையைக் கொண்டுவந்தது.

அந்த விமானத்தின் தொட்டியில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். சாதாரண ஏ350-900-இல் சுமார் 1,41,000 லிட்டர். 1,65,000 லிட்டர் என்றால் ஏறக்குறைய 132 டன். விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். தொட்டி நிரம்பக் கிளம்பினால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எரிபொருள்தான். முதல் சில மணி நேரம் எரிவதில் கணிசமான பகுதி, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைத் தூக்கிச் சுமக்கவே போகிறது. நீண்ட நேரடிப் பயணத்தின் செலவு தூரத்தைவிட வேகமாக ஏறுவதற்கு இதுதான் காரணம். கனமாக இருக்கும்போது 31,000 அடி போலத் தொடங்கி, எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக 40,000 அடியைத் தொடும்.

எடையைக் குறைக்கத்தான் இதில் 161 பேருக்கு மட்டும் இடம்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350-900-இல் 253 இருக்கைகள். முன்பக்கச் சரக்கறையையும் மூடிவைத்திருக்கிறார்கள். ஆகவே மலிவான டிக்கெட் தேடும்போது நேரடி விமானம் பட்டியலில் ஏன் வருவதில்லை என்று குழம்ப வேண்டாம், எகானமி என்று தேடினால் அது வராது.

இனி கடிகாரக் கணக்கு. பயணிகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். சிங்கப்பூர் நேரம் ஆண்டு முழுவதும் மாறாது. நியூயார்க் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும். அந்தக் கோடை மாதங்களில் வித்தியாசம் சரியாக 12 மணி. கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், காலையை இரவாக்கி, இரவைக் காலையாக்கிக்கொண்டால் போதும். மற்ற மாதங்களில் 13 மணி.

2020 நவம்பரில் ஜேஎஃப்கே சேவை தொடங்கியபோது இருந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் அதிகாலை 2:25-க்குப் புறப்பாடு, நியூயார்க்கில் அதே நாள் காலை 7:30-க்கு வருகை. கடிகாரத்தில் ஐந்து மணி ஐந்து நிமிடம்தான் ஓடியிருக்கிறது. 13-ஐக் கூட்டினால் 18 மணி 5 நிமிடம். திரும்பும்போது நியூயார்க்கில் திங்கள் இரவு 10:30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் புதன் காலை 6:10. கடிகாரப்படி 31 மணி 40 நிமிடம், 13-ஐக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று அந்தப் பயணிக்கு விமானத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் +2 என்று இருப்பதைக் கவனிக்காமல் செவ்வாய்க்கு ஹோட்டல் அறை, புதன் காலை 7 மணிக்குக் கூட்டம் என்று போட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. சென்னைக்கு இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அட்டவணை நேரம் என்பது கேட்டை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் கேட்டில் நிற்கும் வரை. வானில் இருக்கும் நேரம் இதைவிட அரை மணி முதல் ஒரு மணி வரை குறைவு. ஜேஎஃப்கேயில் ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதே சில மாலைகளில் 40 நிமிடம் பிடிக்கும். அதையெல்லாம் சேர்த்துச் சற்றுத் தாராளமாகத்தான் அட்டவணை போடுகிறார்கள், அதனால் முன்கூட்டி வந்து இறங்குவதும் அபூர்வமில்லை. கூட்டிச் செல்ல வருபவர்கள் அட்டவணையை நம்பாமல், விமானம் கிளம்பிய பிறகு காட்டும் வருகை நேரத்தைப் பார்த்துக் கிளம்புவது நல்லது.

ஒரு நிறுத்தத்தோடு போவதென்றால் தூரம் அவ்வளவாகக் கூடாது, நேரம் கூடும். பிராங்க்பர்ட் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்–பிராங்க்பர்ட் சுமார் 10,280 கி.மீ., பிராங்க்பர்ட்–நியூயார்க் 6,190. கூட்டினால் 16,470. நேரடி விமானம் காற்றைத் துரத்திச் சுற்றும் தூரமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் இரண்டாவது கட்டம் அட்லாண்டிக்கை எதிர்க்காற்றில் கடக்கிறது, நடுவில் இரண்டு மணி நேரம் தரையில், மறுபடி ஏறி இறங்கும் நேரம் வேறு. மொத்தம் 24 மணி நேரம் போல வந்துவிடும். இதில் எகானமி உண்டு, விலையும் பல நாட்களில் குறைவு. கைப்பையோடு இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஏற வேண்டியிருக்கும். பெரும்பாலானோர் எரிச்சலடைவது இதற்குத்தான், என் கணக்கில் 13 மணி நேரத்துக்குப் பிறகு காலை நீட்டி நடக்கக் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் ஒரு சலுகை.

சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் உலகின் மிக நீண்ட நிறுத்தமில்லா விமானப் பயணம் போகும் ஆசையில் சிங்கப்பூர் போய்ப் போக நினைத்தால் ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும். சென்னை–நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,480 கி.மீ. சிங்கப்பூர் வழியாக 2,925 + 15,349, அதாவது 18,270-க்கு மேல். தோஹா வழியாகப் போனால் 3,290 + 10,780, சுமார் 14,070. சிங்கப்பூரில் வேலை இருந்தாலொழிய கிழக்கே போய் அமெரிக்காவுக்குத் திரும்புவது 4,200 கி.மீ. வீண்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு என்று கேட்டால், நேரடி விமானத்துக்கும் 24 மணி நேரம் ஒதுக்குங்கள். சாங்கியில் மூன்று மணி நேரம் முன்பு. ஜேஎஃப்கேயில் குடிவரவு வரிசை அரை மணியில் முடியலாம், இரண்டு மணியும் இழுக்கலாம். அங்கிருந்து விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினில் ஜமைக்கா நிலையம், பிறகு லாங் ஐலண்ட் ரயில் அல்லது சுரங்க ரயில். மன்ஹாட்டனுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் வையுங்கள். நியூவர்க்கில் இறங்கினால் ரயிலில் மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷன் அரை மணி நேரம்தான். மேற்கு மன்ஹாட்டனிலோ நியூ ஜெர்சியிலோ தங்குபவர்களுக்கு அதுவே வசதி. சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் குறுகிய பயணத்துக்கு விசாவுக்குப் பதிலாக எஸ்டா என்ற அனுமதியை இணையத்தில் எடுத்துவிடலாம், குறைந்தது 72 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா கட்டாயம். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இங்கேயும் அந்த +2-ஐ மறக்காதீர்கள், கிளம்பும் தேதியை வைத்து எண்ணினால் கணக்குத் தப்பும்.

மருந்து சாப்பிடுபவர்கள் ஊர் நேரத்தைப் பார்க்காமல் இடைவெளியைப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் பயணம் முழுக்க எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான், கைபேசியில் அலாரம் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. இன்சுலின் போடுபவர்கள் 12 மணி நேர மாற்றத்துக்கு அளவை எப்படிப் பிரிப்பது என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் வைத்தால் குளிரில் உறையக்கூடும், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்த முடியாது.